அவன், அவள், அவர்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் பிளஸ் ஒன் வகுப்பில் நன்னூல் நடத்திக் கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் உள்ள சூத்திரங்களோடு நில்லாமல், இல்லாத ஒன்றிரண்டையும் சேர்த்துச் சொல்வது என்னுடைய நெடுநாளைய துர்ப்பழக்கம். அன்றைக்கும் உயர்திணை, அஃறிணை, ஐம்பால் என்று சொல்லிக்கொண்டே போனவள், பேட்டைப் பற்றிய சூத்திரத்தையும் இழுத்துவிட்டேன்.

பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை நாடுபவரை ஆண்பாலாகவும், ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை நாடுபவரைப் பெண்பாலாகவும் கொள்ளலாம் என்கிறார் பவணந்தி முனிவர். ஏறக்குறைய எண்ணூறு வருஷங்களுக்கு முன்னால் இத்தனை தாராளமா என்று நாம் வியந்து நிற்கையில், மூன்றாவது அடியில் ஒரு குட்டு வைக்கிறார். அவ்விருவரும் அஃறிணையைப் போலச் சொல்லப்படுவதும் உண்டாம்!

கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கிறார்களே, அந்த அக்காவை என் பாட்டி 'அது வருது, அது போகுது' என்றுதான் சொல்லுவாள். நன்னூல்படி பாட்டி சொல்லுவது சரிதானா?"

வகுப்பு சிரித்தது. கேட்டவள் சிரிக்கவில்லை. "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்றேன். அதற்குள் மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. இருபது வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு இந்தக் கேள்விக்கு உடனே விடை தெரியாதா என்று வாசகர்கள் நினைக்கக் கூடும். விடை தெரியாமல் நான் விழிக்கவில்லை. அந்தத் தையற்கடை அம்மாளை முன்னிட்டே என்னுடைய மிக அருமையான சிநேகிதியை இரண்டு மாதங்களாக இழந்திருந்தேன். அதுவே காரணம்.

எங்கள் ஊரில் பெண்களுக்கென்று ஒரு வாசகர் வட்டம் உண்டு. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் நானும், கல்லூரியில் எனக்கு மூத்தவரான ஒரு வக்கீல் அம்மாளும் சேர்ந்து ஆரம்பித்தோம். அவரை நான் 'அக்கா' என்றே அழைப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில் அவருடைய வீட்டு மாடியில் கூடுவோம். கதை, நாவல், கட்டுரை எதுவானாலும் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் பேசுவார்கள். ஒரே ஒரு விதி: ஆண்களுக்கு இடமில்லை. அந்த விதியின் பயனை மூன்றாம் மாதத்திலேயே கண்டோம். ஒரு கதையில் கணவன் மனைவியை அடிக்கும் கட்டம் வந்தபோது, அதுவரை வாயே திறவாத ஒரு பெண்மணி, புடவைத் தலைப்பை ஒதுக்கித் தம் தோளைக் காட்டினார். பிறகு அக்காவே அவருக்காக 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார். அந்த மாடி அறையில் கதவு சாத்தியிருந்ததால்தான் அந்தத் தலைப்பு விலகியது என்பதை நாங்கள் ஒருவரும் மறந்ததில்லை.

இந்த வைகாசியில் தையற்கடை அம்மாள் ஒரு நாள் என்னிடம் வந்தார். ரவிக்கையைக் கொடுத்துவிட்டு, சற்றுத் தயங்கி, "டீச்சர், நீங்கள் கொடுத்த நாவலைப் படித்துவிட்டேன். அதைப் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாமா?" என்றார். பதினாறு வயதில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். சொந்தக் கையால் தைத்துப் பிழைப்பவர். சர்க்கார் அட்டையில் திருநங்கை என்று பதிவானவர். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் அவர் கையால் தைத்த ரவிக்கையைத்தான் அணிகிறார்கள். நான் யோசியாமல், "வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. "என்னைக் கேட்காமல் எப்படி வாக்குக் கொடுத்தாய்?" என்றார். அது நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அக்கா ஒன்றும் அறியாதவர் அல்லர். மேல்நாடுகளில் இதே விவகாரம் ஐம்பது வருஷமாக நடந்து வருவதை அவர் நன்றாகப் படித்திருந்தார். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 1976-ம் வருஷம் முதல் பெண்களே நடத்தி, பெண்களே மேடை கட்டி, பெண்களே பாடிய ஒரு சங்கீத விழா இருந்தது. பெண்ணாகவே பிறந்த பெண்களுக்கு மட்டும் என்பது அதன் கொள்கை. 1991-ம் வருஷம் திருநங்கை ஒருவர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். அதிலிருந்து வாசலுக்கு எதிரேயே கண்டன முகாம் போடுவோரும், உள்ளே அரண் கட்டுவோருமாகப் பல வருஷங்கள் கழிந்தன. 2015-ம் வருஷத்தோடு விழா நின்றுபோயிற்று. "காட்டில் ஒரு வாரம் பயமில்லாமல் நடக்கவேண்டும் என்று பெண்கள் விரும்பியது அவ்வளவு பெரிய பாவமா?" என்று அக்கா கேட்டார்.

கனடா தேசத்து வான்கூவர் நகர வழக்கையும் எடுத்து வைத்தார். பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒரு நிலையத்தில், 1995-ம் வருஷம், தொண்டு செய்யப் பயிற்சிக்கு வந்த திருநங்கை ஒருவரை, "பிறந்தது முதல் பெண்ணாக வளர்ந்த அனுபவம் உமக்கு இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் மனித உரிமை மன்றத்தை நாடினார். அது 2002-ல் அவருக்கு 7,500 டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லிற்று. மேல் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. 2005-ல் அப்பீலிலும் நிலையமே ஜயித்தது. "பார்த்தாயா, சட்டமே ஒப்புக்கொண்டது" என்றார் அக்கா.

நானும் படித்தவள்தானே? சும்மா இருப்பேனா? "அந்தத் திருநங்கையும் புருஷன் கையில் அடிபட்டவர்தான், அக்கா. தமக்கு உதவி கிடைத்ததற்குப் பிரதியாகத் தாமும் உதவ வந்தவர். அதை ஏன் விட்டுவிட்டுச் சொல்லுகிறீர்கள்?" என்றேன். 1973-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் நடந்த பெண்கள் மகாநாட்டை ஞாபகப்படுத்தினேன். அங்கே பெத் எலியட் என்ற திருநங்கை பாட வந்ததை ஒரு கூட்டம் எதிர்த்தது. சபையில் வாக்கெடுத்தபோது பெரும்பான்மையோர் அவர் பாடட்டும் என்றே சொன்னார்கள். ஆயினும் அம்மகாநாட்டின் பிரதானப் பிரசங்கி ராபின் மார்கன் அவரை மேடையிலேயே கடுமையாகத் தாக்கிப் பேசினார். 1979-ல் ஜானிஸ் ரேமண்ட் என்ற பேராசிரியை ஒரு புஸ்தகமே எழுதித் திருநங்கைகள் பெண்களின் உடலையும் இடத்தையும் அபகரிக்க வந்தவர்கள் என்று குற்றம் சாட்டினார். அதிலே பெயர் சொல்லித் தாக்கப்பட்டவர்களில் ஒருவர் சாண்டி ஸ்டோன். பெண்களே நடத்திய ஒரு கிராமபோன் கம்பெனியில் ஒலிப்பதிவு செய்து வந்தவர். அவரோடு வேலை செய்த பெண்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. பிற்பாடு அவர் எழுதிய பதில் 1991-ல் அச்சாகி, ஒரு புதிய சாஸ்திரத்துக்கே அஸ்திவாரமாயிற்று. "ஆகவே, பெண்களெல்லாம் ஒரு பக்கம், அவர்களெல்லாம் மறு பக்கம் என்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எப்போதும் பெண்களுக்குள்ளேயே வழக்கு இருந்திருக்கிறது" என்று வாதாடினேன்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சொற்களுக்கு வந்தோம். ஆபத்து அங்கேதான் காத்திருந்தது.

திருநங்கை அல்லாத பெண்ணைக் குறிக்க ஆங்கிலத்தில் 'சிஸ்' என்று ஒரு அடைமொழி வழங்குகிறது. 'இப்புறம்' என்று பொருள்படும் இலத்தீன் சொல். 2015-ல் ஆக்ஸ்போர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. மலைக்கு அப்பால், இப்பால் என்பதைப் போல ஒரு திசைச் சொல்தான். அதில் வசை ஏதும் இல்லை என்றேன். அக்கா சொன்னார்: "சுமங்கலி என்றார்கள், அமங்கலி என்றார்கள், மலடி என்றார்கள். பெண்ணுக்கு முன்னால் ஒட்டிய அடைமொழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்கு மூன்று தலைமுறை பிடித்தது. இப்போது என்னைக் கேட்காமல் இன்னொன்றைக் கொண்டுவந்து ஒட்டுகிறாயே!" 2021-ல் லண்டன் வைத்தியப் பத்திரிகையான 'லான்செட்' தன் அட்டையிலே, பெண்கள் என்று சொல்லாமல் அவயவத்தின் பெயரைச் சொல்லி அதையுடைய உடல்கள் என்று அச்சிட்டதையும், கண்டனம் எழுந்த பின் ஆசிரியர் மன்னிப்புக் கோரியதையும் சொன்னார். "எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்ற நல்லெண்ணத்திலேயே என்னை உடலாக்கிவிட்டார்கள்" என்றார். எனக்குப் பதில் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

பதில் தோன்றாதபோது மனிதர்களுக்குக் கோபம் தோன்றும். அந்தச் சமயம் பார்த்து, "அது நம் மாடிக்கு வந்தால் நான் கீழே இறங்கிவிடுவேன்" என்று அக்கா சொல்லிவிட்டார். 'அது' என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டுவிட்டது. நானும் ஒரு சொல்லை எறிந்தேன். திருநங்கைகளை ஏற்காத பெண்ணியவாதிகளைக் குறிப்பதற்கென்று 2008-ல் ஆஸ்திரேலிய மாது ஒருவர் ஆங்கிலத்தில் நான்கு சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து எழுதிய சொல் அது. அவர் அதை வசையாக உண்டாக்கவில்லை என்றே சொல்லியிருக்கிறார். ஆயினும் இன்று அந்தச் சொல்லால் குறிக்கப்படுவோரில் பலர் அதை வசையாகவே கொள்கிறார்கள். "நீங்கள் ஒரு டெர்ஃப், அக்கா. வேறொன்றுமில்லை" என்றேன்.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முப்பது வருஷமாக நான் செய்த வேலையை நாலெழுத்தில் முடித்துவிட்டாயே" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வட்டம் கூடவில்லை.

மாணவியின் கேள்வியோடு வீடு திரும்பிய அன்று மாலை, அலமாரியிலிருந்து தொல்காப்பியத்தை எடுத்தேன். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் இவ்விஷயம் வருகிறது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்குத் தனியாக விகுதி கிடையாது. அது உயர்திணைக்குரிய விகுதிகளையே ஏற்றுவரும் என்கிறார் ஆசிரியர். அந்தச் சூத்திரத்திலேயே அவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது யார் தெரியுமா? தெய்வம்! தெய்வத்துக்கும் தனி விகுதி இல்லை அல்லவா? பின்னால் இன்னொரு சூத்திரத்தில், ஆண்மை திரிந்த அப்பெயர் ஆண்பால் வினையை ஏற்காது என்றும் வரையறுக்கிறார். 'வந்தான்' என்று சொல்லக்கூடாது என்பதே இதன் தாத்பரியம்.

ஆகவே, 'அது' என்பதும் இலக்கணத்தில் இருக்கிறது. உயர்திணை என்பதும் இலக்கணத்தில் இருக்கிறது. மூத்த நூல் தெய்வத்தின் பக்கத்தில் உட்கார்த்தியவரை இளைய நூல் அஃறிணையின் பக்கத்திலும் உட்கார்த்தலாம் என்கிறது. இடையிலே பேச்சு வழக்கு எப்படியோ மாறியிருக்கிறது. மாறக்கூடியது என்பதற்கு அதுவே அத்தாட்சி. நம் காலத்திலேயே பார்த்தோமே! முன்பெல்லாம் தெருவில் வழங்கிய சொற்களை நான் இங்கே எழுத விரும்பவில்லை. பிறகு அரவான் கதையிலிருந்து அரவாணி என்ற பெயர் வந்தது. அதன் பின் திருநங்கை என்பது வந்தது. 2008-ல் நம் மாகாண சர்க்கார் அவர்களுக்காக நல வாரியம் அமைத்தது. சென்னை ஹைகோர்ட்டு சொன்னதன்பேரில் 2022-ல் இத்தகைய சொற்களின் பட்டியல் ஒன்று அரசிதழிலேயே வெளியாயிற்று. கெஜட்டில் அச்சானவுடன் பாட்டிமார் நாவில் ஏறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆயினும் பேத்திமார் நாவில் ஏறக்கூடும்.

தொல்காப்பியத்தை மூடிவிட்டு அக்காவின் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்தவரிடம், "அந்த வார்த்தையைச் சொன்னது தப்பு, அக்கா. இனி யாரையும் அப்படிச் சொல்லமாட்டேன்" என்றேன். "உள்ளே வா, காப்பி ஆறிப்போகும்" என்றார். இரண்டு டம்ளரும் தயாராக இருந்ததா, அல்லது எனக்காகத் தம் காப்பியைப் பகிர்ந்தாரா என்பதை நான் கவனிக்கவில்லை.

காப்பிக்குப் பிறகும் வழக்குத் தீரவில்லை. 2025 ஏப்ரலில் இங்கிலாந்துச் சுப்ரீம் கோர்ட்டு, அந்நாட்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்றால் பிறப்பால் பெண் என்றே பொருள் என ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்ததை அக்கா எடுத்துச் சொன்னார். திருநர்களுக்கு அதே சட்டத்தில் வேறு பிரிவின் கீழ் உள்ள பாதுகாப்பு குறையாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லுகிறதே என்றேன். 2014-ல் நம் சுப்ரீம் கோர்ட்டு, தம் பாலை இன்னதென்று தாமே சொல்லும் உரிமை திருநருக்கு உண்டு என்றதையும், 2019-ல் மதுரையில் ஹைகோர்ட்டு, ஹிந்து விவாகச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றதையும் நான் சொன்னேன். "வேறு வேறு சட்டம், வேறு வேறு காரியம். கல்யாணப் பதிவேடு வேறு, அடிபட்டவள் உட்கார்ந்திருக்கும் அறை வேறு" என்றார் அக்கா. வக்கீலோடு வாதாடி ஜயிக்க என்னால் ஆகுமா? ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த மாலை முழுவதும் அவர் தையற்கடை அம்மாளை 'அந்தம்மா' என்றே சொன்னார். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னார். "நீயும் நானும் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம். யாருக்காகக் கதவைச் சாத்தினோமோ, அவளை நாம் கேட்கவே இல்லையே?"

கேட்டோம். தோளைக் காட்டிய அந்தப் பெண்மணி நெடுநேரம் யோசித்தார். "அந்தம்மா நல்லவர்கள்தான். என் மகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலியே வாங்கவில்லை. ஆனால் கனத்த குரலைப் பின்னாலிருந்து கேட்டால் எனக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறது. அது அவர்கள் தப்பு இல்லை. என் தப்பும் இல்லை. படிக்கிறதற்கு வரட்டும். மனசைத் திறந்து பேசுகிற நாளைக்கு மட்டும் எனக்குக் கொஞ்ச காலம் கொடுங்கள்" என்றார்.

இந்தப் பதிலைத் தையற்கடைக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாதி அழைப்பை எப்படிக் கொடுப்பது? வழி நெடுக இனிப்பான வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டு போனேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. உள்ளதை உள்ளபடியே சொன்னேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வரலாம், முதல் ஞாயிறு இப்போதைக்கு இல்லை, காரணம் இது.

மெஷினை நிறுத்திவிட்டு அவர் கேட்டார். "வாசலில் நிற்பது எனக்குப் பழக்கம், டீச்சர். ஆனால் நிற்கவைத்தவர்கள் காரணம் சொன்னது இதுதான் முதல் தடவை" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கும் பின்னாலிருந்து ஆண் குரல் கேட்டால் நடுக்கம்தான். அதை அந்தம்மாவிடம் சொல்லுங்கள்" என்றார். அவர் மனம் நோகவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நொந்தது, என் கண்ணெதிரேயே நொந்தது. யாரும் நோகாத ஒரு வழி இருந்திருக்குமானால், அது எங்களுக்குப் புலப்படவில்லை.

மறுநாள் கேட்ட கேள்விக்கு மறுநாளே விடை சொன்னேனா என்று வாசகர்கள் கேட்பார்கள். சொன்னேன். நன்னூலை மறைக்கவில்லை, மூன்றாம் அடியையும் கரும்பலகையில் எழுதினேன். பக்கத்தில் தொல்காப்பியம் சொல்வதையும் எழுதினேன். "ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்பதை இலக்கணம் சொல்லுகிறது. எப்படிப் பேசவேண்டும் என்பதை நாம் யோசிக்கவேண்டும்" என்றேன்.

"அப்படியானால் என்ன சொல்லுவது, டீச்சர்? 'வந்தான்' என்பதா, 'வந்தாள்' என்பதா?" என்றாள் அந்தப் பெண்.

"அவரை யாரென்று அவரே சொல்லியிருக்கிறாரே, அக்கா என்றுதானே நீ கூப்பிடுகிறாய்? அக்காவை எப்படிச் சொல்லுவாய்? 'வந்தார்' என்று சொல். தமிழில் மரியாதை வந்தவுடன் ஆண் விகுதியும் பெண் விகுதியும் இரண்டுமே போய்விடுகின்றன" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "எங்கள் வீட்டில் பாட்டி தாத்தாவை 'அவர்' என்கிறாள். தாத்தா பாட்டியை 'அவள்' என்கிறாரே, டீச்சர்?" என்றாள்.

இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. அந்த 'அவர்' என்ற சொல்லுக்காகவே அக்காவைப் போன்றவர்கள் முப்பது வருஷம் வழக்காடினார்கள் என்பதையும், அது இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை என்பதையும், கிடைக்காதவர்கள் கிடைக்காத மற்றொருவருக்கு அதைக் கொடுக்கத் தயங்குவது ஏன் என்பதையும் அந்தக் குழந்தைகளுக்கு விளங்கும் வகையில் சொல்லப் பார்த்தேன். எவ்வளவு விளங்கிற்றோ தெரியாது.

ஆவணி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வட்டம் மறுபடியும் கூடியது. தையற்கடை அம்மாள் புது வாயில் புடவை கட்டிக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில், எல்லோரும் தம்மைப் பார்க்கும்படியாக முன்புறத்தில் உட்கார்ந்தார். யாருக்கும் பின்னால் உட்காரவில்லை. அதன் காரணம் எங்களில் மூவருக்குத்தான் தெரியும். அன்று வாசிக்கவேண்டிய முறை அக்காவுடையது. அவர் புஸ்தகத்தைப் பிரித்தார், கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு புஸ்தகத்தைத் தையற்கடை அம்மாளிடம் நீட்டி, "நீங்கள் வாசியுங்கள்" என்றார்.

கண்ணாடி அக்காவின் மடியிலேயே இருந்தது.